யாருக்காக இந்த நான்கு பட்டைகள்?

மாஸ்டரிங் மென்பொருளில் ஆயத்தமாகக் கிடைக்கும் அமைப்புகளைத் திறந்து பார்த்தால், பெரும்பாலானவற்றில் ஈக்யூவுக்கும் லிமிட்டருக்கும் நடுவே ஒரு மல்டிபேண்ட் கம்ப்ரஸர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். யாரும் அழைத்து வந்ததில்லை. வீட்டு அறையிலேயே பாட்டை முடித்து வெளியிடுகிறவர்களில் பலருக்கு அதை எடுத்துவிடலாம் என்ற எண்ணமே வருவதில்லை. மாஸ்டரிங் மட்டுமே தொழிலாக ஆண்டுக்கணக்கில் செய்துவரும் பொறியாளர்களோ அதைத் தொடுவதற்கு முன் இரண்டு முறை யோசிப்பார்கள். அதுதான் கடைசி வழி என்று வெளிப்படையாகச் சொல்கிறவர்களும் உண்டு. ஒரே கருவி ஒருவருக்கு அன்றாடச் சாப்பாடாகவும் இன்னொருவருக்கு மருந்தாகவும் ஆனது ஏன்? அது பிறந்த இடங்களைத் தேடிப் போனால் விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன். அந்த இடங்களில் எதுவும் மாஸ்டரிங் அறை இல்லை.

முதலில் கருவி செய்யும் வேலை. சாதாரண கம்ப்ரஸர் பாட்டு முழுவதையும் ஒரே பிடியில் வைத்திருக்கும். ஒலி ஒரு வரம்பைத் தாண்டினால் அளவைக் குறைக்கும், தணிந்ததும் விட்டுவிடும். கிக் டிரம் ஒவ்வொரு முறை விழும்போதும் வரம்பு தாண்டுகிறது என்றால், அந்தக் கணத்தில் பாடுகிறவரின் குரலும் சேர்ந்தே இறங்கும். குரல் ஒரு தப்பும் செய்யவில்லை, ஆனாலும் தண்டனை அதற்கும்தான். மல்டிபேண்ட் கம்ப்ரஸர் இந்தச் சிக்கலை அவிழ்க்கப் பார்க்கிறது. க்ராஸ்ஓவர் எனப்படும் வடிகட்டிகளால் ஒலியை மூன்றாகவோ நான்காகவோ பிரிக்கும்: 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு பட்டை, அங்கிருந்து ஆயிரம், இரண்டாயிரம் வரை ஒன்று, ஐயாயிரம் ஆறாயிரம் வரை ஒன்று, அதற்கு மேல் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனித் த்ரெஷோல்ட், தனி ரேஷியோ, தனி அட்டாக், தனி ரிலீஸ். வேலை முடிந்ததும் நான்கையும் கூட்டி மீண்டும் ஒரே பாட்டாக வெளியே அனுப்பும். கிக் விழும்போது கீழ்ப்பட்டை மட்டும் இறங்கும், குரல் நின்ற இடத்திலேயே நிற்கும். சொல்லக் கேட்கும்போது இதில் குறையே இருப்பதாகத் தெரியாது.

இந்த யோசனை பரவலாகப் புழக்கத்துக்கு வந்த முதல் இடங்களுள் ஒன்று, டேப்பின் இரைச்சலைக் குறைக்கும் வேலை. ரே டால்பி 1965இல் லண்டனில் தொடங்கிய நிறுவனத்தின் ஏ-வகைக் கருவி, ஒலியை நான்கு பட்டைகளாகப் பார்த்தது: 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ், 80 முதல் 3,000 வரை, 3,000க்கு மேல், 9,000க்கு மேல். பதிவாகும்போது ஒவ்வொரு பட்டையிலும் மெல்லிய ஒலிகளை மட்டும் தூக்கிவிடும். திருப்பி ஓட்டும்போது அதே அளவுக்கு இறக்கிவிடும். இறக்கும்போது டேப்பின் இரைச்சலும் கூடவே இறங்கிவிடுகிறது. இதற்குப் பட்டைகள் ஏன் வேண்டும்? பேஸ் டிரம் முழங்கும்போது மேலே உள்ள உஸ்ஸென்ற இரைச்சலை அதனால் மறைக்க முடியாது. இரண்டும் வெவ்வேறு உயரத்தில் இருக்கின்றன. ஒரே பிடியில் வைத்திருந்தால் ஒவ்வொரு அடிக்கும் இரைச்சல் ஏறி இறங்குவது காதில் விழும். ஆக, பட்டை பிரிப்பதற்கு இங்கே செவியின் இயல்பிலிருந்தே ஒரு காரணம் இருந்தது. அதைவிட முக்கியமானது, பதிவில் செய்த மாற்றத்தை முழுதாகத் திருப்பிவிடும் இன்னொரு பாதி கருவியிலேயே இருந்தது. சில பொறியாளர்கள் குறும்பாக முதல் பாதியை மட்டும் ஓட்டினார்கள். பின்னணிக் குரல்களை டால்பி வழியாகப் பதிந்து, திருப்பி அவிழ்க்காமல் விட்டால், குரலின் மேற்பகுதியில் மூச்சுக்காற்றும் பளபளப்பும் முன்னால் வந்து நிற்கும். மல்டிபேண்ட் ஓர் அழகுக் கருவியாகப் பயன்பட்டதற்குப் பழைய உதாரணம் இதுதான் என்று சொல்லலாம். அதுவும் பாட்டு முழுவதற்கும் இல்லை. தனி ட்ராக்குக்கு மட்டும்.

அடுத்தது வானொலி. மல்டிபேண்டின் உண்மையான தாய்வீடு அதுதான். எஃப்எம் ஒலிபரப்பில் அனுப்பும் முனையிலேயே மேல் அதிர்வெண்களைத் தூக்கி அனுப்புகிறார்கள். இந்தத் தூக்கலுக்கு அமெரிக்கா வைத்திருக்கும் 75 மைக்ரோசெகண்ட் என்ற நேர மாறிலியில் 15,000 ஹெர்ட்ஸ் ஒலி ஏறத்தாழ 17 டெசிபல் தூக்கப்படுகிறது. கேட்கும் பெட்டி அதை இறக்கும்போது ஒலிபரப்பின் இரைச்சல் குறைகிறது. டால்பி செய்ததற்கு உறவான தந்திரம். ஆனால் அலைவரிசையின் விலகலுக்குச் சட்டப்படி ஒரு கூரை இருக்கிறது. ஒரு சிம்பல் அடி 17 டெசிபல் பெருகிக் கூரையை முட்டினால், முழு ஒலியையும் இறக்கினால்தான் சட்டம் காக்கப்படும். அப்படி இறக்கினால் நிலையம் அடுத்த நிலையத்தைவிட மெல்லிதாகக் கேட்கும். விளம்பரக்காரர் போய்விடுவார் என்று நிர்வாகிக்குப் பயம். மேல்பட்டையை மட்டும் தனியாக அடக்குவது இந்த இரண்டு நெருக்கடிக்கும் ஒரே தீர்வு. 1970களில் மைக் டரோ தயாரித்த மூன்று பட்டைக் கருவி அமெரிக்க நிலையங்களில் புகுந்தது. 1975இல் பாப் ஆர்பனின் ஆப்டிமாட் வந்து, கம்ப்ரஸரையும் லிமிட்டரையும் ஸ்டீரியோ உருவாக்கியையும் ஒரே பெட்டிக்குள் அடக்கியது. அதற்குப் பின் வந்த ஆப்டிமாட்கள் பட்டைகளைக் கூட்டிக்கொண்டே போயின. பழைய பாட்டு, புதிய பாட்டு, அறிவிப்பாளர் குரல், விளம்பரம் எல்லாம் ஒரே நிறத்தில், ஒரே உரத்தில் காருக்குள் வந்து விழுந்தன. வானொலிக்கு அதுதான் தேவை. எந்தப் பாட்டு அடுத்து வரும் என்று அறியாத ஒரு பெட்டி, வருகிற எதையும் ஒரே வார்ப்பில் ஊற்ற வேண்டியிருந்தது.

மூன்றாவது பிறப்பிடத்தை இசை எழுத்தாளர்கள் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அதுதான் மிகச் சுவையானது. ஒலிபெருக்கி வடிவமைப்பில் பெயர் பெற்ற எட்கர் வில்சர், 1973இல் காது கேளாமை பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டார். உள்காது பழுதானவர்களுக்கு மெல்லிய ஒலி கேட்பதில்லை. பலத்த ஒலியோ நம்மைப் போலவே பலமாகக் கேட்கிறது. நடுவில் உள்ள இடம் சுருங்கிவிட்டது. மேல் அதிர்வெண்களில் இன்னும் அதிகமாகச் சுருங்கிவிட்டது. ஆகவே பட்டை பட்டையாக வெவ்வேறு அளவில் அமுக்கித் தந்தால் பேச்சு புரியும் என்பது அவர் வாதம். இன்றைய காது கேட்கும் கருவிகள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் அந்த வழியில்தான் நடக்கின்றன. ஆனால் 1988இல் டச்சு ஆய்வாளர் ரைனியர் பிளோம்ப் ஒரு கடுமையான ஆட்சேபத்தை முன்வைத்தார். பட்டைகள் பலவாகவும் வேகம் அதிகமாகவும் இருந்தால், பேச்சின் அடையாளமே அழிந்துபோகும் என்றார். ஓர் ஒலியில் எந்த அதிர்வெண் ஓங்கியிருக்கிறது, எது தாழ்ந்திருக்கிறது என்ற மேடுபள்ளத்தை வைத்துத்தான் ‘ஆ’ என்பதையும் ‘ஈ’ என்பதையும் நாம் பிரித்தறிகிறோம். ஒவ்வொரு பட்டையும் தன் மேட்டைத் தானே தட்டையாக்கிக்கொண்டால் பள்ளம் நிரம்பிவிடும். இந்த வாதத்துக்கு மறுப்புகளும் வந்தன. பட்டைகள் சிலவாக இருந்தால் கெடுதல் குறைவு என்றார்கள். விவாதம் அந்தத் துறையோடு நின்றுவிட்டது. மாஸ்டரிங் உலகம் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆனால் நான்கு பட்டையும் விடாமல் அசைந்துகொண்டிருக்கும் ஒரு மாஸ்டரில் பாடகரின் குரல் ஏன் ஒரே முகத்தோடு நிற்கிறது என்பதற்கு பிளோம்பைவிட நல்ல விளக்கத்தை நான் படித்ததில்லை.

மாஸ்டரிங் அறைக்குள் இந்தக் கருவி பெருமளவில் நுழைந்தது 1990களில். டென்மார்க்கின் டிசி எலக்ட்ரானிக் முதலில் விலை உயர்ந்த எம்5000 என்ற டிஜிட்டல் பெட்டியில் இதைக் கொடுத்தது. 1996இல் ஃபைனலைசர் என்ற பெயரில் சிறு ஸ்டூடியோக்கள் வாங்கக்கூடிய விலைக்குக் கொண்டுவந்தது. மூன்று பட்டை, ஆயத்த அமைப்புகள், ஒரே பொத்தானில் ‘முடிந்த’ பாட்டு. அதே டென்மார்க்கில் டியூப்-டெக் வால்வுகளைக் கொண்டு ஓர் அனலாக் மூன்று பட்டைக் கருவியும் செய்தது. ஆனால் பரவியது பெட்டிகள் அல்ல, மென்பொருள்தான். வேவ்ஸின் சி4, 2001இல் முதலில் வந்த ஐசோடோப்பின் ஓசோன், 2013இல் ஃபேப்ஃபில்டரின் புரோ-எம்பி என்று ஒவ்வொன்றும் இதை இன்னும் மலிவாக்கின, எளிதாக்கின. வண்ண வண்ணமாகத் திரையில் ஆடும் நான்கு பட்டைகளைப் பார்த்தால் எதையாவது இழுத்துப் பார்க்கத் தோன்றுவது மனித இயல்பு.

இப்போது மூன்று மூதாதைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். டால்பிக்கு, செய்ததைத் திருப்பிச் சரிசெய்யும் மறுபாதி இருந்தது. வானொலிக்கு, மீற முடியாத சட்டக் கூரையும், முன்கூட்டியே அறிய முடியாத பாட்டு வரிசையும் இருந்தன. காது கேட்கும் கருவிக்கு, சுருங்கிப்போன செவி இருந்தது. மாஸ்டரிங்குக்கு இவற்றில் எது இருக்கிறது? மறுபாதி இல்லை. பாட்டு முன்னாலேயே இருக்கிறது, எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்கப் போகிறவரின் காது நலமாக இருக்கிறது. டிஜிட்டல் கோப்புக்கு உச்சக் கூரை உண்டு, ஆனால் மேல் அதிர்வெண்ணைத் தனியாகத் தண்டிக்கும் கட்டாயம் அங்கே கிடையாது. விதிவிலக்கு வினைல் இசைத்தட்டு ஒன்றுதான். தட்டு வெட்டும்போது மேல் ஒலிகளைத் தூக்கியே வெட்டுகிறார்கள். சீறும் ‘ஸ’ ஒன்று வெட்டுத்தலையின் கம்பிச்சுருளைச் சூடாக்கிக் கருக்கிவிடக்கூடும். அதனால் வெட்டும் இயந்திரத்தோடு மேல் ஒலிக்கென்றே தனி லிமிட்டர் வைப்பது பழைய வழக்கம். மற்றபடி மாஸ்டரிங்கில் மல்டிபேண்டைப் போடுகிறவர் கையில் பழைய காரணங்கள் ஒன்றும் இல்லை. புதிதாக ஒரு காரணத்தை அவரேதான் காட்ட வேண்டும். என் தரப்பு இதுதான். ஆயத்த அமைப்பில் அது ஏற்கெனவே இருப்பது காரணமாகாது.

பாட்டுக்கு இதனால் என்ன கெடும் என்று கேட்பவர்கள் பட்டை பிரிக்கும் கட்டத்திலிருந்தே தொடங்கலாம். இன்று பெரும்பாலும் பயன்படும் வடிகட்டி 1976இல் சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அவரும் ரஸ் ரைலியும் ஹியூலெட்-பேக்கர்டில் பொறியாளர்கள். அவர்கள் பெயரில் புழங்கும் அந்த வகையில், சந்திக்கும் இடத்தில் இரண்டு பட்டையும் 6 டெசிபல் தாழ்ந்து நிற்கும். கூட்டினால் அளவு சமமாக வரும். அளவு சமம், ஆனால் ஃபேஸ் அப்படியே இருப்பதில்லை. எட்டுக்கட்டைக்கு 24 டெசிபல் சரிவில், அந்த இடத்தைக் கடக்கும்போது ஃபேஸ் ஒரு முழுச் சுற்று சுற்றிவிடுகிறது. எந்தப் பட்டையையும் அடக்காமல் கருவியை வெறுமனே போட்டாலே அலையின் உருவம் மாறும். உச்சங்கள் சிலவேளை ஏறவும் செய்யும். கிக்கின் தாக்கம் சற்று மழுங்கியதுபோல் சிலருக்குக் கேட்பது இதனால்தான். ஃபேஸைத் தொடாத வடிகட்டிகளும் உண்டு. அவற்றுக்கு விலை வேறு: அடி விழுவதற்கு முன்பே அதன் நிழல் போல ஒரு மெல்லிய அதிர்வு கேட்கும். க்ராஸ்ஓவர் எவ்வளவு கீழே போகிறதோ அந்த நிழலும் அவ்வளவு நீளும். அளவு மாறும்போது மட்டும் ஃபேஸை அசைக்கும் மூன்றாவது வழியை ஃபேப்ஃபில்டர் கொண்டுவந்தது. ஒன்றும் செய்யாதபோது ஒன்றும் கெடாது என்ற அளவில் அது நியாயமான சமரசம்.

இரண்டாவது கெடுதல் பெரிது. வாத்தியங்கள் பட்டைகளுக்குள் அடங்கி வாழ்வதில்லை. கிக்கின் உடல் 60 ஹெர்ட்ஸில் இருக்கிறது, அதன் அடியின் ‘டக்’ 3,000க்கு மேலே இருக்கிறது. கீழ்ப்பட்டையை அடக்கினால் உடல் குறைந்து டக் மட்டும் மிஞ்சும். பாட்டின் ஒவ்வொரு வரியிலும் அந்தக் கலவை மாறிக்கொண்டே இருக்கும். இதை மிருதங்கத்தில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மிருதங்கத்தின் வலந்தலை, சாதாரணத் தோல்கருவிகளைப் போலன்றி, ஒன்றுக்கு இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்ற முழு விகிதங்களில் ஒலிக்கிறது என்று சி.வி. ராமன் காட்டினார், 1920இல் நேச்சர் இதழில் ஒரு குறிப்பு, 1934இல் விரிவான கட்டுரை. நடுவே பூசும் கரணைதான் அதைச் செய்கிறது. தோல் சுருதியோடு சேர்வதற்குக் காரணம் அந்த விகிதம். அடிப்படை ஒலி ஒரு பட்டையிலும், அதன் நான்காவது ஐந்தாவது துணைஒலிகள் அடுத்த பட்டையிலும் விழும்படி க்ராஸ்ஓவரை வைத்து, ஒரு பட்டையை மட்டும் இறக்கினால், சுருதி மாறாது. ஆனால் கரணை போட்ட மனிதர் மணிக்கணக்கில் தட்டித் தட்டிச் சமன்செய்தது ஒவ்வொரு அடிக்கும் வெவ்வேறாகக் கலையும்.

மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் இன்னொரு சிக்கல். கும்கி வாசிக்கும்போது உள்ளங்கை தோலை அழுத்த, ஒலி கீழிருந்து மேலே வழுக்கிப் போகிறது. அந்த வழுக்கலின் பாதையில் க்ராஸ்ஓவர் நின்றால், தொடக்கம் ஒரு கம்ப்ரஸரிடமும் முடிவு வேறொன்றிடமும் போகும். அமுக்கும் அளவு இரண்டிலும் வேறு. கும்கி நடுவில் மடிந்ததுபோல் கேட்கும். வாய்ப்பாட்டிலும் இதே கதைதான். ஒரு கமகத்தில் குரலின் அடிப்படை ஒலி இரண்டு சுரங்களுக்கு நடுவே நொடிக்குச் சில முறை ஊசலாடுகிறது. 250 ஹெர்ட்ஸில் க்ராஸ்ஓவர் வைக்கும் பழக்கம் பாப் இசைக்குப் பெரிய தொல்லை தராது; இந்தக் குரலுக்கு அது நடுமுதுகில் கோடு கிழிப்பது. க்ராஸ்ஓவரை எங்கே வைப்பது என்பது த்ரெஷோல்டைவிட முக்கியமான முடிவு. வாத்தியமோ குரலோ அடிக்கடி கடக்காத இடத்தைத் தேடித்தான் அதை வைக்க வேண்டும். சிலவேளை அப்படி ஓர் இடமே கிடைக்காது.

இவ்வளவு குறை சொன்ன பிறகு, இது உண்மையிலேயே உதவும் இடத்தையும் அதே கச்சேரியில்தான் காட்ட வேண்டியிருக்கிறது. சபா மேடையில் மிக்ஸரிலிருந்து நேராக இரண்டு ட்ராக்கில் பிடித்த ஒலிப்பதிவு. தனி ட்ராக்குகள் கிடையாது, மறுபடி மிக்ஸ் செய்ய வழியில்லை, மறுபடி பாடச் சொல்லவும் முடியாது. அரங்கத்தின் கீழ்ஒலி முழக்கம் பாடகரின் மைக் வழியே உள்ளே வந்திருக்கிறது. தொப்பி ஓங்கும் இடங்களில் மட்டும் 80 முதல் 120 வரை எல்லாம் குழம்பிக் கிடக்கிறது. ஈக்யூவால் நிலையாக வெட்டினால், ஆலாபனை நடக்கும் அரைமணி நேரமும் குரலும் தம்புராவும் காரணமில்லாமல் மெலிந்துவிடும். இங்கே ஒரு கீழ்ப்பட்டையை மட்டும் திறந்து, அது ஓங்கும்போது இரண்டு டெசிபல் இறக்கச் சொல்லலாம். குறை ஒரு பட்டையில் மட்டும் இருக்கிறது, சில நேரங்களில் மட்டும் இருக்கிறது, மிக்ஸுக்குத் திரும்பிப் போக வழியில்லை: இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் மல்டிபேண்டைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் வேறு வழி பெரும்பாலும் மேலானது.

அதே பதிவில் கருவி எல்லை மீறுகிறதா என்று சொல்வதும் கச்சேரியேதான். தம்புரா நிற்காமல், ஏற்ற இறக்கம் அதிகமில்லாமல் ஒலிக்கிறது. ஜீவாரி எனப்படும் அதன் ரீங்காரம் மேல் பட்டைகள் எங்கும் பரவியிருக்கிறது. கஞ்சிராவின் சலங்கைக்காக மேல்பட்டையை அடக்கினால், ஒவ்வொரு அடியிலும் தம்புராவின் பளபளப்பு மூழ்கி எழும். தாளக்காரருக்கு முன்னால் தம்புரா மூச்சுவிடத் தொடங்கினால் கம்ப்ரஸர் அதிகம் வேலை செய்கிறது என்று பொருள். பாப் பாட்டில் இதைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் அங்கே நிலையான ஒலி எதுவும் நெடுநேரம் நிற்பதில்லை. எந்த மல்டிபேண்டையும் சோதித்துப் பார்க்க ஒரு கச்சேரிப் பதிவை ஓட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம் என்று மேற்கத்திய இசை செய்கிறவர்களுக்கும் சொல்வேன்.

வீட்டு ஸ்டூடியோவிலிருந்து வரும் மிக்ஸ்களில் இன்னொரு நியாயமான தேவை எழுகிறது. பத்துக்குப் பத்து அறை என்று வைத்துக்கொள்வோம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே மூன்று மீட்டர் சொச்சம். ஒலி அங்கே ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸில் நின்று அதிர்கிறது. நீளமும் அகலமும் ஒன்று என்பதால் இரண்டு திசையிலும் அதே எண். அறையின் நடுவில் உட்கார்ந்து மிக்ஸ் செய்கிறவருக்கு அந்த இடத்தில் 56 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய கேட்பதே இல்லை. கேட்கவில்லையே என்று பேஸை ஏற்றுவார். வெளியே கார் ஸ்பீக்கரில் அந்த ஒரு சுரம் வரும்போது மட்டும் கதவு அதிரும். பேஸ் கிட்டார் அந்தச் சுரத்தைத் தொடும் நேரத்தில் மட்டும் அதைப் பிடிக்க வேண்டும். இந்த வேலைக்கு அகலமான பட்டையைவிட டைனமிக் ஈக்யூ என்னும் குறுகலான உறவினர் மேல். அது பாட்டைத் துண்டு துண்டாகப் பிரிப்பதில்லை. குறிப்பிட்ட இடத்தில் ஈக்யூவின் வளைவை மட்டும் ஏற்றி இறக்குகிறது. பல மாஸ்டரிங் பொறியாளர்கள் நான்கு பட்டைக் கருவியைவிட சுவிட்சர்லாந்தின் வைஸ் டிஎஸ்1 போன்ற, ஒரே ஒரு பட்டையைக் கையாளும் கருவியை விரும்புவதும் இதே காரணத்தால். குரலில் ‘ச’வும் ‘ஷ’வும் சீறும்போது அந்த இடம் மட்டும் தாழும், ஸ்டீரியோவின் நடுப்பகுதிக்கு மட்டும் போட்டால் ஓரங்களில் இருக்கும் சிம்பல் தப்பித்துவிடும்.

நேரத்தைப் பற்றி ஒரு கணக்கு, ஏனென்றால் தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் நடக்கின்றன. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை முடிய 25 மில்லிசெகண்ட் ஆகும். கீழ்ப்பட்டையின் அட்டாக்கை ஐந்திலும் ரிலீஸை இருபதிலும் வைத்தால், கம்ப்ரஸர் இசையின் ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டு அலையின் ஏற்ற இறக்கத்தையே துரத்தத் தொடங்கும். அது சிதைவு, கீழ்ஒலியில் முரட்டுத்தனமான ஒரு கரகரப்பாகக் கேட்கும். 5,000 ஹெர்ட்ஸில் ஓர் அலை 0.2 மில்லிசெகண்டில் முடிந்துவிடுகிறது, அங்கே வேகம் தொல்லை இல்லை. கீழே மெதுவாக, மேலே வேகமாக என்பது இதிலிருந்து வருகிறது. ஆனால் பட்டைகளின் ரிலீஸ் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகினால், ஒரே அடியின் கீழும் மேலும் வெவ்வேறு நேரத்தில் திரும்பி வரும். பாட்டு ஒட்டாமல் பிரிந்து நிற்பதுபோல் தோன்றும். இரண்டுக்கும் நடுவில் வழி கண்டுபிடிப்பது காதின் வேலை. அடக்கும் அளவு ஒன்று, இரண்டு டெசிபலைத் தாண்டி நான்கைத் தொடுகிறது என்றால் மிக்ஸ் செய்தவருக்கு ஒரு போன் போடுவது விரைவான வழி. குரலை ஒரு டெசிபல் இறக்கிப் புதிய கோப்பு அனுப்ப அவருக்குப் பத்து நிமிடம் போதும். டிரம், பேஸ், குரல், மற்றவை என நான்கு ஸ்டெம்களாகக் கேட்டு வாங்கினாலும் சரி. அப்போது பட்டை பிரிப்பு வாத்தியங்களைத் தொடர்ந்து வருகிறது, அதிர்வெண்ணை இல்லை.

உரத்துக்காக இதைப் போடுகிறேன் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வாதம் எளிது: ஒவ்வொரு பட்டையின் உச்சத்தையும் தனியாகத் தட்டினால் லிமிட்டருக்குள் இன்னும் அதிகம் தள்ளலாம். 2000களின் உரப் போட்டியில் இது நன்றாகவே வேலை செய்தது. அந்தப் போட்டியின் அடையாளமாகிவிட்ட மெட்டாலிக்காவின் டெத் மேக்னடிக் 2008இல் வந்தபோது, மாஸ்டர் செய்த டெட் ஜென்சன், மிக்ஸ்கள் நசுங்கிய நிலையிலேயே தன்னிடம் வந்தன என்று ஒரு ரசிகருக்கு எழுதியது வெளியே வந்தது. நசுங்கியதை மாஸ்டரிங்கில் நிமிர்த்த எந்தப் பட்டையாலும் முடியாது. 2010இல் ஏர்ல் விக்கர்ஸ் எழுதிய ஆய்வு, உரம் கூடினால் விற்பனை கூடும் என்பதற்கு ஆதாரம் பலவீனமானது என்றது. அடுத்த ஆண்டில் எமானுவேல் டெருட்டி நிறையப் பாட்டுகளை அளந்து வேறொன்றைக் காட்டினார்: உச்சத்துக்கும் சராசரிக்கும் உள்ள இடைவெளி சுருங்கியது உண்மை, ஆனால் பாட்டின் ஒரு பகுதிக்கும் மற்றொரு பகுதிக்கும் இடையேயான உர வேறுபாடு அந்த அளவுக்குச் சுருங்கவில்லை. புகார் செய்பவர்கள் எதைப் பற்றிப் புகார் செய்கிறார்கள் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது அதன் உட்பொருள். எது எப்படியானாலும், ஸ்பாட்டிஃபை தன் வழக்கமான அமைப்பில் எல்லாப் பாட்டையும் -14 எல்யூஎஃப்எஸ் என்ற உர அளவுக்குக் கொண்டுவருகிறது. -8இல் போய்ச் சேர்ந்த பாட்டை 6 டெசிபல் இறக்கிவிடும். தட்டிச் சேர்த்த உரம் காணாமல் போகும். தட்டியதன் தழும்பு மட்டும் மிஞ்சும்.

எதிர்க் கட்சிக்கும் ஒரு நியாயம் உண்டு. ஏபிள்டன் லைவின் மல்டிபேண்ட் கருவியில் ஓடிடி என்றொரு அமைப்பு இருக்கிறது. மூன்று பட்டையிலும் உரத்ததைக் கண்டபடி அமுக்கி, மெல்லியதைக் கண்டபடி தூக்கும். டப்ஸ்டெப் தயாரிப்பாளர்கள் அதை சிந்தசைசர் மீது போட்டு ஒரு புதிய ஒலியையே உருவாக்கினார்கள். அங்கே தட்டையாவதுதான் அழகு. பிளோம்ப் பயந்தது எதுவோ அதுவே அங்கே குறிக்கோள். அதில் எனக்கு மறுப்பில்லை. அது ஒலி உருவாக்கும் கட்டம், மாஸ்டரிங்குக்கு வெகுமுன்னால் நடப்பது. கெட்டால் ஒரு ட்ராக்கை நீக்கிவிட்டு மறுபடி தொடங்கலாம்.

சரிபார்ப்பில் ஒரு விஷயத்தை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. கருவி அமுக்கிய பிறகு மேக்கப் கெயினால் ஒலியை ஏற்றுகிறது. ஏறிய ஒலி எப்போதும் நன்றாக இருப்பதாகவே காது நம்பும். அரை டெசிபல் வித்தியாசமே தீர்ப்பை மாற்றப் போதும். ஆகவே உள்ளே போகும் ஒலியையும் வெளியே வரும் ஒலியையும் அளவில் சமன்செய்து, கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். எது கருவி போட்டது என்று தெரியாத நிலையில் எது பிடிக்கிறதோ அதுதான் பதில். பல நேரங்களில் பிடிப்பது கருவி போடாததாக இருக்கும். நீக்கப்பட்டதை மட்டும் தனியாகக் கேட்கும் வசதி சில மென்பொருள்களில் உண்டு. அதில் நீங்கள் குறிவைத்த முழக்கம் கேட்டால் சரி. குரலின் சொற்கள் கேட்டால் நிறுத்திவிடலாம்.

இப்போது இந்த முடிவு மனிதர் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. மாண்ட்ரியலில் 2014இல் தொடங்கிய லேண்டர் போன்ற இணையச் சேவைகளும், 2017இல் ஓசோனில் சேர்ந்த உதவியாளரும், பாட்டைக் கேட்டுச் சில நொடிகளில் ஒரு கருவி வரிசையைத் தாமே அமைத்துத் தருகின்றன. பாட்டின் அதிர்வெண் வளைவை, ஒரு வகை இசைக்கென்று வைத்திருக்கும் மாதிரி வளைவோடு ஒப்பிடுவது இவற்றின் பொதுவான வழி. பாப், ராக், ஹிப்-ஹாப் போன்றவற்றுக்கு மாதிரி இருக்கிறது. நாகஸ்வரமும் தவிலும் கோயில் பிராகாரத்தில் ஒலித்ததைப் பிடித்த பதிவு ஒன்றை அதன் முன் வைத்தால், மேல்நடுப் பட்டை எங்கும் நிறைந்திருக்கும் நாகஸ்வரத்தை அது மிகை என்று எண்ணி அமுக்கக்கூடும். ஆப்டிமாட் காருக்காகச் செய்ததையே அது மறுபடி செய்கிறது: வருகிற எதையும் அறிந்த ஒரு நிறத்துக்குக் கொண்டுவருவது. அப்படிப்பட்ட கோப்பு வந்தால், உதவியாளர் போட்ட வரிசையில் முதலில் மல்டிபேண்டை அணைத்துவிட்டு, மீதியை ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்குவேன்.